உலர்நிலச் சான்றிதழ்

இயற்கை பல்லாயிரம் ஆண்டுகள் வெயிலடித்துப் பார்த்தும் வற்ற வைக்க முடியாத ஒரு சதுப்பு நிலத்தை, நாற்பதே நிமிடத்தில், ஒரு பேனாவைக் கொண்டு வற்ற வைத்த பெருமை உலகிலேயே எங்கள் அலுவலகம் ஒன்றுக்குத்தான் உண்டு. அந்தப் பேனா என்னுடையது என்பதைத் தன்னடக்கத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

அலுவலகத்தின் முழுப்பெயர் 'ஈரநிலப் பாதுகாப்பு மற்றும் மனைப்பிரிவு ஊக்குவிப்பு அலுவலகம்'. காவலும் களவும் ஒரே கூரையின் கீழா என்று சிலர் கேட்பதுண்டு. நிர்வாகம் என்றால் என்னவென்று தெரியாதவர்கள். முன்பு பாதுகாப்புக்கு ஒரு கட்டடம், ஊக்குவிப்புக்கு ஒரு கட்டடம் என்று தனித்தனியாக இருந்தன. ஒரு கோப்பு அங்கிருந்து இங்கே வந்துசேர எட்டு மாதம் பிடித்தது. இப்போது ஒரே மேசை. இடது இழுப்பறை பாதுகாப்பு, வலது இழுப்பறை ஊக்குவிப்பு. நடுவில் நான், பிரிவு எழுத்தர். பத்தொன்பது வருடமாக இடதிலிருந்து எடுத்து வலதில் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் வேலையின் உயிர்நாடி படிவம் ஒன்பது. ஒரு நிலம் ஈரநிலமா, இல்லையா என்பதை அது மூன்றே கேள்விகளில் முடிவுசெய்துவிடும். ஆய்வின்போது தண்ணீர் காணப்பட்டதா? நீர்த்தாவரங்கள் காணப்பட்டனவா? நீர்ப்பறவைகள் காணப்பட்டனவா? மூன்றுக்கும் 'ஆம்' என்றால் அது பாதுகாக்கப்பட்ட ஈரநிலம். அதற்குப் பிறகு அங்கே ஒருவரும் ஒரு செங்கல்லைக்கூட வைக்க முடியாது. ஒன்றுக்கு 'இல்லை' என்று வந்தாலும் 'உலர்நிலச் சான்றிதழ்' வழங்கப்படும். அதைக் கையில் வைத்துக்கொண்டு எத்தனை மாடி வேண்டுமானாலும் எழுப்பிக்கொள்ளலாம்.

இவ்வளவு கறாரான படிவத்துக்குத் துணையாக ஒரு சுற்றறிக்கையும் உண்டு. முன்னாள் இயக்குநர் ஒருவர் மழைக்காலத்தில் ஆய்வுக்குப் போய் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். மருத்துவமனைப் படுக்கையிலிருந்தே அவர் பிறப்பித்த உத்தரவு இது: 'அலுவலர்களின் பாதுகாப்பைக் கருதி, ஈரநில ஆய்வுகள் அனைத்தும் கோடையின் உச்சமான இரண்டு மாதங்களில் மட்டுமே மேற்கொள்ளப்பட வேண்டும்.' அந்த ஒரு எலும்புதான் இன்றுவரை எங்கள் ஊரின் நகரமைப்புக்கு வழிகாட்டி வருகிறது.

பத்தொன்பது வருடத்தில் இருநூற்றுப் பதினோரு இடங்களைக் கோடையில் ஆய்வு செய்திருக்கிறோம். ஓரிடத்திலும் தண்ணீர் இல்லை. தண்ணீரைக் கண்டுபிடிப்பதற்கென்றே ஏற்படுத்தப்பட்ட அலுவலகத்துக்கு ஒரு சொட்டுக்கூட அகப்படவில்லை என்றால், எவ்வளவு கவனமாகத் தேடியிருப்போம் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

இருநூற்றுப் பதினோராவது இடம் என் அக்கா வீட்டுக்குப் பின்னால் இருந்தது.

அக்காவின் வீடு ஊரின் கடைசித் தெருவில் கடைசி வீடு. மேட்டுத் தெருக்களில் பெய்கிற மழையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத் தெருவிறங்கி, அக்கா வீட்டை ஒட்டிய வாய்க்காலுக்குள் புகுந்து, பின்னாலிருக்கும் சதுப்பில் போய் உட்கார்ந்துகொள்ளும். கோரையும் சேறுமாக ஒரு பெரிய பரப்பு. வந்த தண்ணீரை அது என்ன செய்கிறது என்று யாரும் கேட்டதில்லை. அதுவும் சொன்னதில்லை. எத்தனை மழை பெய்தாலும் அக்கா வீட்டு வாசல்படியின் முதல் படி நனைந்ததே கிடையாது.

முன்னறையில் அக்கா நான்கு தையல் இயந்திரங்களை வைத்துப் பள்ளிச் சீருடைகள் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். உள்ளறையில் அத்தானின் கட்டில். பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தவர். பக்கவாதம் வந்ததிலிருந்து வலது கையும் காலும் அவர் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. வாய் மட்டும் பழைய வேகத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. மாடி கிடையாது. மாடி இருந்தாலும் அவரால் ஏற முடியாது. ஆக, அந்த வீட்டின் வருமானம், கணவன், சமையல் எல்லாமே தரைமட்டத்தில் இருந்தன.

இந்த வேலைக்கான தேர்வை நான் மூன்று முறை எழுதினேன். மூன்று முறையும் அக்காதான் தைத்துக்கொண்டே விதிமுறைப் புத்தகத்தை மடியில் வைத்துக் கேள்வி கேட்டாள். தப்பாகச் சொன்னால் இயந்திரத்தை நிறுத்தி ஒரு பார்வை பார்ப்பாள். ஈரநில விதிகள் அத்தனையும் எனக்கு இன்றும் அவள் குரலில்தான் ஞாபகத்தில் இருக்கின்றன. அவள் மேல் எனக்கு உயிர். இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. பிறகு நீங்கள் நம்ப மாட்டீர்கள்.

ஒருநாள் காலை அலுவலகத்துக்கு ஒருவர் வந்தார். பாமர மக்கள் இவரைப் போன்றவர்களை 'மண் கொட்டுகிறவர்' என்பார்கள். கோப்பில் 'வளர்ச்சியாளர்' என்று எழுத வேண்டும். சதுப்பு முழுவதையும் வாங்கியிருந்தார். கையில் இரண்டு காகிதங்கள். ஒன்று விண்ணப்பம்: 'மேற்படி நிலத்தில் எக்காலத்திலும் நீர் ஏதும் இருந்ததில்லை.' மற்றொன்று பளபளவென்ற விளம்பரத் தாள்: 'அலைமுகம் நகர். நீரோடு ஒரு வாழ்க்கை.' அதில் இரண்டு அன்னப்பறவைகள் கழுத்தை வளைத்து நின்றன.

எனக்குச் சின்னச் சந்தேகம் வந்தது. அவரையும் கூட்டிக்கொண்டு இயக்குநரின் அறைக்குப் போனேன்.

"சார், விண்ணப்பத்துல தண்ணியே இல்லைங்கிறாங்க. விளம்பரத்துல நீரோடு வாழ்க்கைங்கிறாங்க. ஒண்ணுக்கொண்ணு இடிக்குதே?"

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பெரிய தீர்ப்புகளுக்கு முன்னால் அவர் அப்படித்தான் செய்வார்.

"விண்ணப்பம்ங்கிறது இன்னைய நிலவரம். விளம்பரம்ங்கிறது எதிர்காலத் திட்டம். ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க."

"ஆமா சார்," என்றார் வளர்ச்சியாளர். "தண்ணி கண்டிப்பா வரும். வாங்குறவங்களுக்கு வாக்குக் கொடுத்திருக்கோம்."

அந்த வாக்கை அவர் காப்பாற்றினார் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

சட்டப்படி ஆட்சேபணை தெரிவிக்கப் பொதுமக்களுக்குப் பதினைந்து நாள் அவகாசம் தர வேண்டும். தந்தோம். அறிவிப்பை யாரும் கிழித்துவிடக் கூடாது என்பதற்காக எங்கள் பதிவறைக் கதவின் உள்பக்கத்தில் ஒட்டியிருந்தோம். கதவு திறந்திருக்கும்போது அது சுவரைப் பார்க்கும். மூடியிருக்கும்போது பதிவறைக்குள் இருப்பவர்களைப் பார்க்கும். உள்ளே இருப்பது நான் ஒருவன்தான். நான் படித்தேன். படித்துவிட்டு அன்று மாலை அக்கா வீட்டில் டீ குடிக்கும்போது வாய் தவறிச் சொல்லிவிட்டேன். பத்தொன்பது வருடப் பணியில் நான் செய்த ஒரே ஒழுங்கீனம் அது.

மறுநாள் காலை பத்தரைக்கு அக்கா எங்கள் அலுவலகத்தில் இருந்தாள். டோக்கன் வாங்கி, பெஞ்சில் உட்கார்ந்து, முறை வந்ததும் என் மேசை முன்னால் வந்து நின்றாள். என்னைத் தெரிந்தவள் மாதிரி காட்டிக்கொள்ளவில்லை. நானும் காட்டிக்கொள்ளவில்லை.

"பெயர்?" என்றேன்.

"சீருடை தைக்கிறவங்கன்னு போட்டுக்குங்க. தெரு முழுக்க அப்படித்தான் கூப்பிடுவாங்க."

"ஆட்சேபணையின் சாராம்சம்?"

"அந்தச் சதுப்பை மூடினா ஊர்த் தண்ணி மொத்தமும் எங்க வீட்டுக்குள்ள வரும். என் வீட்டுக்காரர் படுத்த படுக்கையா இருக்காரு. மெஷின் நாலும் தரையில இருக்கு. அவ்வளவுதான் சாராம்சம்."

இதற்குள் இயக்குநரே வெளியே வந்துவிட்டார். பொதுமக்களிடம் அவருக்கு இருக்கும் பரிவு அலாதியானது.

"அம்மா, நீங்க உணர்ச்சிவசப்படுறீங்க. அங்க தண்ணி இருக்கா இல்லையான்னு நாங்க விஞ்ஞானபூர்வமா பாக்கப்போறோம்."

"எப்ப பாப்பீங்க?"

"சித்திரை வெயில்ல."

"வெயில்ல வந்தா தண்ணி எப்படி சார் இருக்கும்? மழையில வந்து பாருங்க."

இயக்குநர் பொறுமையாகச் சிரித்தார். "மழையில வந்தா ஊரெல்லாம் ஈரமாத்தானே இருக்கும்? எது ஈரநிலம், எது மழையில நனைஞ்ச நிலம்னு எப்படிப் பிரிச்சுப் பாக்குறது? அதனாலதான் எல்லாம் காய்ஞ்சதுக்கப்புறம் பாக்குறோம். அப்பவும் தண்ணி இருந்தா அதுதான் உண்மையான தண்ணி."

அக்கா என்னைப் பார்த்தாள். தப்பான பதில் சொன்னால் இயந்திரத்தை நிறுத்திவிட்டுப் பார்ப்பாளே, அதே பார்வை. நான் தலையைக் குனிந்து வரவு முத்திரையைக் குத்தினேன்.

ஆய்வுக்கு மூன்று பேர் போனோம். இயக்குநர், நான், நில அளவையர். அளவையருக்கு அலுவலகத்தில் 'ரசமட்டம்' என்று பெயர். தரை சமமாக இருக்கிறதா என்று பார்க்கும் அந்தக் கருவியைக் கைக்குழந்தையைப் போலத் தூக்கிக்கொண்டே திரிவார். வீட்டில் சாப்பாட்டு மேசை மேல்கூட அதை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார் என்று அவர் மனைவி புகார் சொல்லியிருக்கிறார். நல்ல மனிதர். கண்ணுக்குத் தெரிவதை அப்படியே சொல்லிவிடுகிற ஒரு குறைபாடு மட்டும் உண்டு.

உச்சி வெயில். சதுப்பின் ஓரத்தில் வண்டி நின்றதும், வளர்ச்சியாளரின் லாரிகள் எங்களுக்கு மரியாதை செய்யும் விதமாக ஒலிப்பானை நீளமாக அடித்தன. கோரைக்குள்ளிருந்து நூற்றுக்கணக்கான பறவைகள் எழுந்து பறந்தன.

"பறவை?" என்று கேட்டார் இயக்குநர்.

"இருந்துச்சு சார். இப்பத்தான் போச்சு," என்றார் ரசமட்டம்.

"ஆய்வு நேரத்துல இருக்கா?"

"இல்ல சார்."

"இல்லைன்னு போடுங்க. கூப்பிட்டா நிக்காத பறவையை நம்பி ஒரு திட்டத்தை நிறுத்த முடியாது."

அடுத்து தண்ணீர். தரை மேலே ஓடு மாதிரி காய்ந்து வெடித்திருந்தது. ரசமட்டம் இரண்டடி எடுத்து வைத்தார். மூன்றாவது அடியில் முழங்கால்வரை உள்ளே போய்விட்டார். நானும் இயக்குநரும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தோம். கால் வந்தது, காலணி வரவில்லை. அந்தக் குழிக்குள் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது.

"சார், தண்ணி!" என்றார் ரசமட்டம்.

"காணப்பட்டதான்னு கேள்வி. தோண்டிப் பாத்தா காணப்பட்டதான்னு இல்ல," என்றார் இயக்குநர். "நீங்க தோண்டிட்டீங்க."

'மண் நெகிழ்வுத்தன்மை வாய்ந்தது. அலுவலர்களை வரவேற்கும் இயல்புடையது' என்று எழுதிக்கொண்டேன்.

ரசமட்டம் ஒற்றைக் காலணியோடு கருவியை நிறுத்தி, எல்லாத் திசையிலும் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். வேர்த்துக்கொட்டியது.

"சார், எந்தப் பக்கம் வச்சுப் பாத்தாலும் சரிவு இங்கதான் வந்து முடியுது. ஊரே ஒரு கிண்ணம் மாதிரி இருக்கு. அதோட அடி இதுதான்."

"கிண்ணம்னெல்லாம் எழுதாதீங்க," என்றார் இயக்குநர். "இடவசதி மிக்கதுன்னு எழுதுங்க."

"இதை மூடினா தண்ணி அந்தக் கடைசி வீட்டுக்குத்தான் சார் போகும். வேற போக்கிடம் கிடையாது." அவர் கைகாட்டிய திசையில் அக்கா வீட்டுக் கொடியில் சீருடைச் சட்டைகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன.

"நல்லது. அதை ஒரு படமா வரைஞ்சு பின்னிணைப்புல வச்சிருங்க. நாளைக்கு யாரும் நாம பாக்கலைன்னு சொல்லிடக் கூடாது."

அவர் வரைந்தார். அம்புக்குறிகளெல்லாம் போட்டு அழகான படம். அதைப் பின்னிணைப்பில் வைத்தோம். பின்னிணைப்பைக் கோப்போடு சேர்த்துத் தைக்க நூல் இல்லாததால் தனியாக அலமாரிக்கு மேலே வைத்தோம். மூன்று கேள்விக்கும் 'இல்லை'. கோரையைப் பொறுத்தவரை அது புல் வகையைச் சேர்ந்தது என்றும், புல் தரையில் வளர்வது என்றும், ஆகவே அது தரைத்தாவரம் என்றும் நானே ஒரு குறிப்பு எழுதினேன். இயக்குநர் முதுகில் தட்டிக்கொடுத்தார். ஆரம்பத்திலிருந்து முடிவுவரை நாற்பது நிமிடம்.

இயற்கையிடம் எங்களுக்கு அக்கறை இல்லை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அனுமதியோடு கடுமையான நிபந்தனைகளையும் விதித்தோம். வளர்ச்சியாளர் நுழைவாயிலில் ஒரு 'மாற்று ஈரநிலம்' அமைத்துத் தர வேண்டும். அமைத்தார். பன்னிரண்டடி நீளம், எட்டடி அகலம், நீல நிற ஓடு பதித்தது. பிளாஸ்டிக் அல்லிகள், சிமெண்ட் அன்னங்கள் இரண்டு. பழைய சதுப்பில் இல்லாத ஒரு வசதி இதில் இருந்தது: மாலையில் விளக்கு எரியும். வாய்க்காலுக்குப் பதிலாக அரை அடி விட்டமுள்ள ஒரு குழாயும் பதிக்கப்பட்டது. ஒரு ஊரின் மழை அரை அடிக் குழாய்க்குள் போகுமா என்று ரசமட்டம் கேட்டார். 'வரிசையாகப் போனால் போகும்' என்று குறிப்பெழுதினேன்.

மிச்சமிருந்தது அக்காவின் ஆட்சேபணைக்குப் பதில் எழுதுவது. அது என் மேசை வேலை. எழுதினேன். தட்டச்சு செய்து, இயக்குநரிடம் கையெழுத்து வாங்கி, தபாலில் அனுப்பிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல அக்கா வீட்டுக்கு டீ குடிக்கப் போனேன்.

அக்கா கடிதத்தை மேசையில் விரித்து வைத்திருந்தாள். கட்டிலிலிருந்து அத்தான் குரல் கொடுத்தார்.

"வாங்க மாப்பிள்ளை. உங்க அக்காவுக்கு அரசாங்கத்துலேருந்து கடுதாசி வந்திருக்கு. ரொம்ப மரியாதையா எழுதியிருக்கான் எவனோ."

"அம்மையீர்னு போட்டிருக்கியே, அது நானாடா?" என்றாள் அக்கா.

"எல்லாருக்கும் அப்படித்தான்க்கா போடுறது."

"'தங்கள் மனு கருணையுடன் பரிசீலிக்கப்பட்டு'ன்னா என்ன அர்த்தம்?"

"படிச்சுப் பாத்தோம்னு அர்த்தம்."

"நீ படிச்சியா?"

"படிச்சேன்."

"முழுசா?"

"முழுசா படிச்சேன்க்கா."

"படிச்சுட்டுமா இப்படி எழுதின?"

நான் டீ டம்ளரைக் கீழே வைத்தேன். அத்தான்தான் என்னைக் காப்பாற்றினார். "விடு, அவன் என்ன பண்ணுவான்? ஸ்டியரிங் அவன் கையிலயா இருக்கு? அவன் டிக்கெட் கிழிக்கிறவன்." காப்பாற்றினார் என்றுதான் அன்று நினைத்தேன்.

லாரிகள் ஐந்து மாதம் மண் கொட்டின. சதுப்பு இருந்த இடம் அக்கா வீட்டுக் கூரையில் பாதி உயரத்துக்கு எழும்பி நின்றது. பிறகு மழை வந்தது. எந்த விண்ணப்பமும் கொடுக்காமல், எந்த அனுமதியும் வாங்காமல் இரண்டு நாள் பெய்தது.

இரண்டாம் நாள் மதியம் அக்கா போன் செய்தாள். "தண்ணி முதல் படிக்கு வந்திருச்சு," என்றாள். நானும் ரசமட்டமும் போய்ச் சேர்ந்தபோது முன்னறையில் முழங்காலுக்கு மேல் நின்றது. குழாய் வழியே தண்ணீர் வரிசையில் போகவில்லை. அக்கா ஒரு இயந்திரத்தின் மோட்டாரைக் கழற்றித் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றாள். மற்ற மூன்று மோட்டார்களும் முழுகிவிட்டன. தைத்து அடுக்கிய சீருடைகள் அறை முழுக்க மிதந்தன. அத்தானின் கட்டில் மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது.

"மாப்பிள்ளை, வாழ்க்கையில முதல் தடவையா பிரேக் பிடிக்காத வண்டியில இருக்கேன்," என்றார். சிரிக்கத்தான் பார்த்தார். முகம் வெளுத்துப்போயிருந்தது. தண்ணீர் மெத்தையைத் தொட்டுவிட்டது. அவரால் எழுந்து உட்காரக்கூட முடியாது. இன்னும் ஒரு மணி நேரம் பிந்தியிருந்தால் தண்ணீர் அவர் முகத்துக்கு வந்திருக்கும். இருவரும் சேர்ந்து அவரைத் தூக்கி, எதிர்வீட்டு மாடிக்குக் கொண்டுபோனோம்.

படியேறும்போது ரசமட்டம் மெல்லச் சொன்னார்: "தண்ணி ரொம்ப ஒழுக்கமா வந்திருக்கு சார். நான் போட்ட அம்புக்குறியை ஒண்ணுகூட மீறல."

மழை நின்றது. தண்ணீர் போகவில்லை. போக இடமில்லாததால் அக்கா வீட்டிலேயே தங்கிவிட்டது. மூன்றாவது வாரமும் அங்கேயே இருந்தது.

இந்த நேரத்தில்தான் தலைமை அலுவலகத்திலிருந்து அந்த அவசரச் சுற்றறிக்கை வந்தது. ஈரநிலங்களைக் காப்பதில் உலக நாடுகள் எல்லாம் முனைப்பாக இருப்பதால், ஒவ்வொரு அலுவலகமும் ஆண்டு முடிவதற்குள் குறைந்தது ஒரு ஈரநிலத்தையாவது கண்டறிந்து பாதுகாக்க வேண்டும். இதற்காக மழைக்கால ஆய்வுக்கும் ஒருமுறை விலக்கு அளிக்கப்படுகிறது. தவறினால் இயக்குநர் பதில் சொல்ல வேண்டும்.

இயக்குநர் பதறிப்போனார். "எங்கய்யா போவேன் ஈரநிலத்துக்கு? எல்லாத்துக்கும் உலர்நிலச் சான்றிதழ் கொடுத்தாச்சே!"

கொடுத்ததைத் திரும்பப் பெற முடியாது. பெற்றால் முதலில் கொடுத்தது தப்பென்று ஆகிவிடும். ஆகவே, தண்ணீரும் இருக்க வேண்டும், சான்றிதழும் வாங்கியிருக்கக் கூடாது. பதிவேடுகளைப் புரட்டினேன். கடைசித் தெருவில் மற்றவர்களெல்லாம் மாடி கட்டும்போது சான்றிதழ் வாங்கியிருந்தார்கள். மாடி கட்டாததால் வாங்காமல் விட்டது ஒரே ஒரு வீடு. பக்கத்தைத் திருப்பிவிடலாமா என்று யோசித்தேன். இயக்குநர் என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டார்.

தீயணைப்புத் துறையிடம் ரப்பர் படகு இரவல் வாங்கிக்கொண்டு போனோம். அக்கா வீட்டு வாசல் வழியாகப் படகு உள்ளே நுழைந்தது.

"தண்ணீர் காணப்பட்டதா?" என்றார் இயக்குநர்.

ரசமட்டம் அளவுகோலை இறக்கினார். "மூணடி சார்."

"நீர்த்தாவரம்?"

மண்ணுக்குத் தப்பித்த ஆகாயத்தாமரை அத்தானின் கட்டிலைச் சுற்றிப் படர்ந்து, ஊதாப் பூக்கள் வேறு பூத்திருந்தது. இயக்குநர் படகிலேயே எழுந்து நின்றுவிட்டார். "பறவை... பறவை ஏதாவது இருக்கா பாருங்க."

மூன்றாவது தையல் இயந்திரத்தின் மேல் ஒரு கொக்கு ஒற்றைக் காலில் நின்றது. படகைப் பார்த்தும் பறக்கவில்லை. பறந்து போக அதற்கும் வேறு இடம் இல்லை.

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றிக் கண்களைத் துடைத்தார். "இத்தனை வருஷ சர்வீஸ்ல முதல் ஆம்," என்றார். "மூணுமே ஆம். இதைக் காப்பாத்தியே ஆகணும். வருங்காலச் சந்ததிக்கு நாம விட்டுட்டுப் போறது வேற என்ன இருக்கு?" படகில் ஒருவரை ஒருவர் கட்டித் தழுவிக்கொண்டோம். ரசமட்டம் மட்டும் தழுவ வரவில்லை. கருவி கையில் இருந்ததால் என்று இயக்குநரிடம் சொல்லிச் சமாளித்தேன்.

பத்திரிகைகளில் படம் வந்தது. அக்கா வீட்டுக் கதவில் பச்சை நிறப் பலகை அறையப்பட்டது: 'பாதுகாக்கப்பட்ட ஈரநிலம். அத்துமீறி நுழைவோர் தண்டிக்கப்படுவர்.' அடுத்து, உள்ளே குடியிருப்பவர்களுக்கு வெளியேற்ற அறிவிப்பு அனுப்ப வேண்டும். அது என் மேசை வேலை. தபாலில் அனுப்பலாம், ஆனால் வாங்கிக்கொள்பவரின் விலாசத்தில் தண்ணீர் இருந்ததால் நேரில் கொடுக்கும்படி உத்தரவாயிற்று.

நான் போனபோது அக்கா எங்கிருந்தோ ஒரு டீசல் மோட்டாரை இரவல் வாங்கி, குழாயை வாசலுக்கு வெளியே நீட்டித் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து இறைத்ததில் இரண்டு அங்குலம் குறைந்திருந்தது. எதிர்வீட்டு மாடியில் கைப்பிடிச் சுவரோடு சாய்த்து உட்காரவைக்கப்பட்டிருந்த அத்தான், "இன்னும் கொஞ்சம்தான், விடாதே!" என்று உற்சாகப்படுத்திக்கொண்டிருந்தார்.

"மோட்டாரை நிறுத்துக்கா," என்றேன்.

"எதுக்கு? டீசல் இருக்கு."

"பாதுகாக்கப்பட்ட ஈரநிலத்துலேருந்து தண்ணிய வெளியேத்துறது குத்தம். விதி இருபத்திரெண்டு."

அக்கா மோட்டாரை நிறுத்தினாள். அறிவிப்பை வாங்கி, ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்தாள்.

"ஆக்கிரமிப்பாளர்னு போட்டிருக்கே. யாரு?"

"வந்து... சட்டப்படி நீதான்க்கா. ஈரநிலத்துக்குள்ள வீடு வச்சிருக்கறவங்களை அப்படித்தான் எழுதணும்."

"அந்தப் பக்கம் சதுப்புல வீடு கட்டுறவங்க?"

"அது உலர்நிலம். சான்றிதழ் இருக்கு."

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நாங்க எங்கடா போறது?"

"முப்பது நாளுக்குள்ள மேல்முறையீடு பண்ணலாம்க்கா. அதுக்கு வழி இருக்கு." உண்மையிலேயே அவளுக்கு உதவ வேண்டும் என்று எனக்கு இருந்தது. "நீ உண்மைய மட்டும் எழுது. வேற எதுவும் வேண்டாம்."

"யாரு படிப்பாங்க?"

"எங்க அலுவலகத்துல."

"அங்க யாரு?"

"...நான்தான்."

அக்கா அறிவிப்பைச் சுவரில் வைத்து, அதன் பின்பக்கத்தில், துணியில் அளவு குறிக்கும் பென்சிலால் எழுதினாள். எழுதி, மடித்து, என் சட்டைப் பையில் வைத்தாள். எதிர்வீட்டுப் படியேறிப் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

அலுவலகத்துக்கு வந்து பிரித்தேன். இரண்டே வரி.

'இந்த வீட்டுக்குள் தண்ணீர் தானாக வரவில்லை. அது இருந்த இடத்தைப் பிடுங்கிக்கொண்டு, என் விலாசத்தை எழுதி, என் தம்பிதான் அனுப்பி வைத்தான்.'

மூன்று முறை படித்தேன். கண்ணீர் வந்தது, அதை மறைக்கப் போவதில்லை. பத்தொன்பது வருடத்தில் எங்கள் அலுவலகத்துக்கு வந்த காகிதங்களிலேயே, ஒரு சொல்கூடப் பொய்யில்லாத காகிதம் அது ஒன்றுதான். பதிவேட்டில் ஏற்றி, வரிசை எண் கொடுத்து, கருணையுடன் பரிசீலித்து, 'ஆதாரமற்றது' என்று முத்திரை குத்திக் கையெழுத்திட்டேன்.